உத்தரவு கேட்ட விருந்தாளியும் அறுக்காத புல்லும்

போஷ்பத்ரி கிராமம்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை ஷம்சுதீன் அவர்களுக்கு, தங்கள் மனைவியின் அண்ணன் ஹபீபுல்லா மாக்ரே பணிவன்போடு எழுதிக்கொண்டது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் இங்கே நானும், என் வீட்டுக்காரி தாஜாவும், மாடுகளும், மட்டக்குதிரையும் சுகம். அங்கே லே நகரத்தில் தாங்களும் என் தங்கை ஹாஜ்ராவும் சுகமாயிருக்கவும், சால்வைக் கடையில் வெளிநாட்டுக்காரர்கள் பேரம் பேசாமல் வாங்கவும் ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். சுகம் என்று எழுதுவது கடித மரியாதை, அதனால் எழுதினேன். இனி உள்ளதை எழுதுகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். நம் வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மாடி விருந்தினர் அறையின் ஜன்னல் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அந்த ஜன்னலடியில், தாங்கள் அனுப்பிவைத்த லக்னோ ரிஸ்வி சாகிபும் அவருடைய பேகமும் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய புகாரை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டா சொல்ல முடியும்? ஆகவே தொழுவத்தில், பால் கறக்கிற மணையில் குந்தி எழுதுகிறேன். மாடு நடுநடுவே காகிதத்தை முகர்ந்து பார்க்கிறது. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன், அதற்கு என்ன கவலையோ அதுதான் எனக்கும்.

குளிர்காலத்தில் தாங்கள் சால்வை மூட்டையைச் சுமந்துகொண்டு லக்னோவில் தெருத்தெருவாய் அலையும்போது, தன் வீட்டு முன்னறையை ஒழித்துக் கொடுத்து, வேளாவேளைக்குச் சோறும் போடுகிறவர் ரிஸ்வி சாகிப் என்பது எனக்கு மனப்பாடம். அந்த நன்றிக்காக, "எங்க மச்சான் வீடு உங்க வீடு மாதிரி, ஒரு நாலு நாள் போய் இருந்து புல்வெளியும் ஏரியும் பாத்துட்டு வாங்க"ன்னு தாங்கள் சொன்னதிலும் குற்றமில்லை. அவரும் நாலு நாளை மறக்கவில்லை மாப்பிள்ளை. நாலாம் நாள் காலையில் பெட்டியைக் கட்டி, குல்லாவை மாட்டி, பேகத்தோடு கீழே இறங்கி வந்து, நெஞ்சில் கைவைத்து, "இவ்வளவு நாள் தங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டோம். இனி உத்தரவு குடுத்தீங்கன்னா புறப்படுவோம்"னார். நம் பக்கத்தில் என்ன வழக்கம்? விருந்தாளி போகிறேன் என்றால், நாம் பதறிப் போய், "அதெப்படி, வந்து உக்காரக்கூட இல்லையே, நாங்க ஒண்ணுமே கவனிக்கலியே, இருங்க, இருங்க" என்று கையைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் இவன் எப்போது தொலைவான் என்று காத்திருந்தான் என்று அர்த்தம். விருந்தாளி பதில் சொல்லாமல் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே இருப்பான், நாம் கெஞ்சிக்கொண்டே இருப்போம், அவன் வாசலைத் தாண்டிவிடுவான், இரண்டு பேருக்கும் மரியாதை தப்பித்தது. நம் ஊரில் "இருங்க" என்றால் செருப்பை மாட்டு என்று பொருள். நானும் கையைப் பிடித்தேன், "இருங்க" என்றேன். அந்த மனுஷர் என் முகத்தையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பெட்டியைக் கீழே வைத்தார். "இவ்வளவு பிரியமா சொல்லும்போது நான் போனா அது அவமரியாதை. பேகம், மேல போங்க" என்றார்.

லக்னோவில் வழக்கம் வேறாம். அங்கே ஒருவர் கெஞ்சிக் கேட்டு இன்னொருவர் மறுத்துவிட்டால், ஏழு தலைமுறைக்கு அந்த வீட்டுப் பேச்சுவார்த்தை நின்றுபோகுமாம். இதை எனக்கு விளக்கிச் சொன்னவரும் ரிஸ்வி சாகிப்தான், நான்காவது கோழியின் காலைக் கையில் பிடித்துக்கொண்டு. இது தங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் இதே கூத்துதான். அவர் உத்தரவு கேட்கிறார், நான் வேண்டாம் வேண்டாம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டே "இருங்க" என்கிறேன், அவர் இருந்துவிடுகிறார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், நான் தினமும் கெடுகிறேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொன்னவன் லக்னோக்காரனைப் பார்த்ததில்லை. கோழிகள் தீர்ந்தன. சேவலும் போயிற்று. இப்போது விடிவதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. விடிந்தால் அவர் உத்தரவு கேட்பார் என்பதால் எனக்கும் விடிந்தே ஆக வேண்டும் என்றில்லை.

ஆளைக் குறை சொல்லவில்லை மாப்பிள்ளை. மனுஷன் தங்கம். அதுதான் கஷ்டம். கெட்டவனாயிருந்தால் என்றைக்கோ ஒரு சண்டை போட்டு அனுப்பியிருப்பேன். உப்புப் போட்ட நம் தேநீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு "ஆஹா" என்கிறார். தாஜா அதை நம்பி இன்னொரு கிண்ணம் ஊற்றுகிறாள். அதையும் குடிக்கிறார்.

என் கவலை கோழியில்லை, புல். மேல்வெளியில் நம் பங்குப் புல் இடுப்பளவுக்கு நிற்கிறது. ஊரில் எல்லோரும் அறுத்து, கயிறாய் முறுக்கி, மரக்கிளையில் தொங்கப்போட்டு, பரணில் ஏற்றிவிட்டார்கள். நம்முடையது மட்டும் பூத்துக் குலுங்கிக்கொண்டு நிற்கிறது. பக்கர்வால் நாடோடி இடையர்களின் மந்தைகள் மேலே இருந்து இறங்குகிற காலம் வந்துவிட்டது. இறங்குகிற மந்தை நிற்கிற புல்லைத் தின்றால் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது பாட்டன் காலத்து ஒப்பந்தம். புல் போனால், பனி விழுந்து பாதை அடைத்தபிறகு மாடுகளுக்கு என்ன போடுவது? விருந்தினர் அறைப் போர்வையையா? போன தடவை புல் குறைந்த வருஷம் செவலைப் பசுவை விற்றோம். அதை ஓட்டிக்கொண்டு போனபோது தாஜா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுபடி அப்படி ஒன்றைப் பார்க்க என்னால் முடியாது.

போய் அறுக்க வேண்டியதுதானே என்பீர்கள். வீட்டில் விருந்தாளி உட்கார்ந்திருக்க, வீட்டுக்காரன் அரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே போனால் ஊர் என்ன சொல்லும்? தாஜாவோ அடுப்பை விட்டு எழுந்திருக்கவே வழியில்லை. எனக்கு வேலை இருக்கிறது என்று ரிஸ்வி சாகிபிடமே சொல்லலாமென்றால், "அப்போ இத்தனை நாளும் நாங்கதான் குறுக்க நின்னோமா" என்று அந்த மனுஷர் உருகிப்போவார். வயதானவர், இதயம் வேறு கொஞ்சம் பலவீனம். ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். புல்வெளி பார்க்கத்தானே வந்தார்கள், வாருங்கள் காட்டுகிறேன் என்று மட்டக்குதிரையில் ஏற்றி நம் பங்குப் புல்லுக்கே அழைத்துப் போனேன். அவர் பார்த்துக்கொண்டிருக்க நான் பேச்சுவாக்கில் அறுத்துவிடலாமென்று அரிவாளை இடுப்பில் செருகியிருந்தேன். அவர் புல் நடுவில் இறங்கி நின்று, மஞ்சள் பூ ஒன்று, ஊதாப்பூ ஒன்று என்று தடவித் தடவிப் பார்த்தார். நான் குனிந்து முதல் பிடியைப் பிடித்தேன். "ஹபீபுல்லா சாகிப், என்ன செய்யறீங்க?" "ஒண்ணுமில்ல, கொஞ்சம் புல்லு." "பூவோட சேத்தா?" என்றார். கைக்குட்டையை எடுத்தார். நான் அரிவாளை எடுத்து மறுபடி செருகிக்கொண்டேன். பேகம் மட்டும் மெதுவாக, "புல்லு மாட்டுக்குத்தானேங்க" என்று ஆரம்பித்தார்கள். அவர் கையை உயர்த்தினார், அந்த அம்மாள் நிறுத்திவிட்டார்கள்.

சரி, ஏரியைப் பார்த்தால் மனசு நிறைந்து கிளம்புவார் என்று நீல்ஸர் ஏரிக்குக் கூட்டிப்போனேன். பாதி வழியில் ஓடைக்குக் குறுக்கே போட்ட ஒற்றை மரப்பாலம் தங்களுக்கு நினைவிருக்கும். பேகம் குதிரையோடு ஆழமில்லாத இடத்தில் கடந்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேர் பாலத்து முனையில். "முதல்ல நீங்க" என்றேன். "அதெப்படி, மலை உங்களோடது, முதல்ல நீங்க." "நீங்க விருந்தாளி." "நீங்க வழி தெரிஞ்சவங்க." "நீங்க வயசுல மூத்தவங்க." "நீங்க தாடியில மூத்தவங்க." இப்படியே நிற்கிறோம். எதிர்க்கரையில் பக்கர்வால் லால் தீன் முன்னோட்டமாய்க் கொஞ்சம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து காத்திருந்தான். அவனுக்குப் பொறுமை போய், "கல்யாணமா நடக்குது அங்க? யாரு பொண்ணு, யாரு மாப்பிள்ளை, சொல்லுங்க, நாங்க கொட்டு அடிக்கிறோம்" என்று கத்தினான். பிறகு ஆடுகளை அவிழ்த்துவிட்ட மாதிரி பாலத்தில் ஏற்றிவிட்டான். ஆடுகளுக்கு லக்னோவும் தெரியாது, மரியாதையும் தெரியாது, ஒரே ஓட்டமாய் வந்துவிட்டன. போகிற போக்கில் லால் தீன் என் காதில், "ஹபீபா, பெரிய மந்தை ஜும்ஆ கழிஞ்சு எறங்குது. உன் புல்லு நிக்குதே, எங்க ஆட்டுக்கு விருந்தா?" என்று சிரித்துவிட்டுப் போனான். அதைக் கேட்டபின் ஏரி நீலமா பச்சையா என்று எனக்குக் கண்ணில் படவில்லை. ரிஸ்வி சாகிப் கரையில் உட்கார்ந்து நெடுநேரம் பெருமூச்சு விட்டார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் விட்டேன். நான் அழகில் மயங்கிவிட்டேன் என்று நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் தாஜா பிடித்துக்கொண்டாள். "உங்க வாயைத் தச்சுத்தான் வைக்கணும். அவரு பாவம் போறேன் போறேன்னு நிக்கிறாரு. நாளைக்கு ஒரே ஒரு நாள் பேசாம இருங்க, போதும்" என்றாள். அவள் சொன்னதே சரி என்று மறுநாள் காலை முடிவோடு உட்கார்ந்தேன். ரிஸ்வி சாகிப் இறங்கி வந்தார். நெஞ்சில் கை. "உத்தரவு?" நான் பேசவில்லை. தேநீர் கொதிக்கிற சமோவாரைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். மாப்பிள்ளை, ஒரு மனுஷர் வீட்டு நடுவில் பெட்டியோடு நிற்க, நாம் பேசாமல் இருப்பது எத்தனை கொடுமை என்று பட்டால்தான் தெரியும். எனக்கு வியர்த்தது. அவர் முகம் முதலில் ஆச்சரியப்பட்டது, அப்புறம் கொஞ்சம் மலர்ந்தது போல இருந்தது, ஒரு கால் வாசல் பக்கம் நகர்ந்தும்விட்டது. அப்போது அடுப்படியிலிருந்து ஒரு குரல், "அதெப்படி, சாப்பிடாம போவாங்களா? இருக்கச் சொல்லுங்க!" தாஜாவேதான். சொன்ன பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நின்றாள். அவளால் தாங்க முடியவில்லையாம், என்னைத் திட்டவும் அவளுக்கு முகமில்லை. ரிஸ்வி சாகிப் பெட்டியை வைத்தார். பேகம் தனியாக மாடி ஏறினார்கள், படி படியாய், ஒவ்வொரு படியிலும் நின்று.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று நடந்தது. நேற்று பரணில் எலிப்பொறி வைக்கப் போனேன். பலகைச் சுவர்தானே, பக்கத்து அறைப் பேச்சு தானாய்க் காதில் விழுகிறது. பேகம் சொல்கிறார்கள்: "இவங்க நம்மள எப்பத்தான் விடுவாங்க? உப்பு டீ குடிச்சுக் குடிச்சு நாக்கே மரத்துப்போச்சு. எனக்கு என் வீடு வேணும்." ரிஸ்வி சாகிப் சொல்கிறார்: "எனக்கு மட்டும் ஆசையா பேகம்? முட்டி ரெண்டும் விட்டுப்போச்சு. ஆனா அந்த மனுஷன் தினமும் கையப் புடிச்சுக் கெஞ்சறாரே. இன்னிக்கு அந்த அம்மா அடுப்படியிலேர்ந்தே கதறிட்டாங்க. எப்படி மனச ஒடிச்சுட்டுப் போறது? இன்னும் கொஞ்சம் பொறுத்துக்குவோம், அவங்களுக்கே சலிச்சுப்போகும்." எலிப்பொறியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்களுக்காக அவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காக நாங்கள் இருக்கச் சொல்கிறோம், நடுவில் மாடு பட்டினி. தெரிந்துவிட்டதே, இனி சும்மா விட்டுவிடு என்பீர்கள். முடியாது. நேற்றுவரை கெஞ்சிவிட்டு இன்று கெஞ்சாமல் விட்டால், பரணில் ஒட்டுக்கேட்டான் என்று புரிந்துகொள்ள மாட்டார்களா? அதனால் இன்று காலை வழக்கத்தைவிட அதிகமாகவே கெஞ்சினேன்.

களைத்துப் போய்விட்டேன் மாப்பிள்ளை. உடம்பில் ஒரு நோவும் இல்லை, ஆனால் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்கிறது. இனி தாங்கள்தான் வழி. இந்தக் கடிதம் கண்டதும் ரிஸ்வி சாகிபுக்குப் போன் செய்யுங்கள், அந்த ஜன்னலடியில்தான் இருப்பார், முதல் மணிக்கே எடுப்பார். லக்னோ வீட்டில் தண்ணீர்த்தொட்டி வெடித்து முன்னறையெல்லாம் வெள்ளம் என்று சொல்லுங்கள். நோய், சாவு என்று எதுவும் சொல்ல வேண்டாம், அபசகுனம். தொட்டி போதும். இன்னொன்று, கோபிக்காமல் கேளுங்கள். இனிமேல் இந்த வீட்டை யாருக்கும் தங்கள் வீடு மாதிரி என்று சொல்லாதீர்கள். என் வீடு என் வீடு மாதிரி இருந்தாலே எனக்குப் போதும்.

தங்கை ஹாஜ்ராவுக்கு என் துஆ. தங்கள் தாயார் கைகளுக்கு என் முத்தம். அல்லாஹ் தங்கள் வாசலுக்கு விருந்தாளிகளை அனுப்பட்டும், அவர்களுக்குத் திரும்பிப் போகிற வழியையும் காட்டட்டும்.

இப்படிக்கு, தங்கள் நலத்தையே நாடும்,
ஹபீபுல்லா மாக்ரே

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் தள்ளுபடி செய்துவிடுங்கள். தொட்டி வெடிக்க வேண்டாம், ஏனென்றால் அந்தத் தொட்டிக்குப் பக்கத்து அறையில்தான் நான் இருக்கிறேன். இதை லக்னோவிலிருந்து எழுதுகிறேன். கடிதத்தைத் தபாலில் சேர்க்க நேரமே கிடைக்கவில்லை, என் ஃபெரன் அங்கியின் பையிலேயே கசங்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டது.

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலையில் மேல்சரிவில் மந்தை மணிச்சத்தம் கேட்டது. தாஜா ஒரு வார்த்தை பேசாமல் மாடிக்குப் போய், அவர்கள் பெட்டி இரண்டையும் தானே தூக்கிக்கொண்டு, பஸ் நிற்கிற வால்நட் மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பெட்டி போன பின் உத்தரவு கேட்க என்ன இருக்கிறது? ரிஸ்வி சாகிப் துக்கமாய் முகத்தை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினார். விருந்தாளி வண்டியேறும்வரை கூடப் போவது நம் முறையல்லவா, போனேன். பஸ் படியில் அவர் ஒதுங்கி நின்றார். "முதல்ல நீங்க." "நான் வரலியே, நீங்க." "இருந்தாலும் முதல்ல நீங்க." டிரைவர் ஹாரனை அடித்து, "யோவ், ரெண்டு பேருல யாராவது ஒரு மனுஷன் ஏறித் தொலைங்கய்யா" என்றான். பின்னால் சந்தைக்குப் போகிற கூட்டம் நெட்டியது. வம்பை முடிக்கலாமென்று ஒரு அடி ஏறினேன். அவர் பின்னாலேயே ஏறினார். பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்த ஊரில் இறங்கிக்கொள்ளலாமென்று, "உத்தரவு குடுங்க" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு தூரம் வந்துட்டு நடுவழியில போவீங்களா? இருங்க." அவர் மனசறிந்துதான் சொல்கிறாரா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? மறுத்தால் ஏழு தலைமுறை. ஜம்முவில் கேட்டேன், ரயிலில் கேட்டேன், இங்கே வந்தும் தினமும் காலையில் கேட்கிறேன். நம் ஊர் முறைப்படி பேசாமல் குனிந்து செருப்பை மாட்டியும் பார்த்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "அடடா, தேஞ்சுபோன செருப்பு" என்று கடைக்குக் கூட்டிப்போய்ப் புதுசு வாங்கித் தந்தார். வெயில் கொளுத்துகிறது. தேநீரில் சர்க்கரையைக் கொட்டிக் கொடுக்கிறார்கள், நான் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு "ஆஹா" என்கிறேன், பேகம் இன்னொரு கிண்ணம் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து எனக்குப் போன் செய்து, போஷ்பத்ரியில் ஏதாவது வெடித்துவிட்டது என்று சொல்லுங்கள்.

புல்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தாஜா நேற்று போன் செய்தாள், மாடி ஜன்னல் காலியாயிற்றே. பஸ் எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய கையோடு அரிவாளை எடுத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டு மேலே போனாளாம். மந்தை வந்து சேர்வதற்குள் பூவோடு சேர்த்து ஒரு தாள் விடாமல் அறுத்து முடித்தாளாம். பரண் நிறைந்துவிட்டதாம். லால் தீன் வெறுந்தரையைப் பார்த்துவிட்டு முனகிக்கொண்டே போனானாம். "சமைக்க வேண்டாம், யாருக்கும் டீ போட வேண்டாம், மடமடன்னு முடிஞ்சுது" என்றாள். அப்படியொரு குரலை அவளிடம் நான் கேட்டு வெகுநாளாயிற்று. உடனே கிளம்பி வருகிறேன் என்றேன். அதற்கு அவள், "எதுக்கு அவசரம்? இருங்க, இருந்துட்டு மெதுவா வாங்க" என்றாள்.

மாப்பிள்ளை, அவள் நம் ஊர்க்காரி. நம் ஊரில் "இருங்க" என்றால் என்ன பொருள் என்று மேலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் இந்த முறை அவள் எந்தப் பொருளில் சொன்னாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. தாங்கள் அவளுக்கு ஒரு போன் போட்டு, பக்குவமாய் விசாரித்து எழுதவும். அதுவரை நான் இங்கேதான் இருக்கிறேன்.